தீவகத்தின் வரைபடம் யார் கையில்?

நகரத் திட்டமிடல் என்றொரு கல்வி உண்டு, அதனைப் பல்கலைக்கழகத்திலே பயின்று பட்டம் பெறலாம் என்று தீவகத்திலே ஒருவர் எடுத்துரைத்தால், கேட்பவர் முகத்தில் முதலில் தோன்றுவது புன்சிரிப்பேயாகும். "நெடுந்தீவிலே நகரமா? நயினாதீவிலே பெருந்தெருவா? ஊர்காவற்றுறையின் பழைய துறைமுகக் கடைத்தெருவுக்கு வரைபடமா? தம்பி, மருத்துவம் படி, பொறியியல் படி, இயலாவிடில் கணக்கியல் படி" என்று அறிவுரை கூறிவிட்டு அவர் தம் வழியே போவார்.

அந்தப் புன்சிரிப்பை எதிர்த்தே நாம் இன்று எழுதுகின்றோம். அது களங்கமற்ற சிரிப்பேயாயினும் அதற்குத் தீவகம் கொடுத்துவரும் விலை பெரிது.

தீவகத்துக்குத் திட்டமே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. திட்டங்கள் உண்டு, வேண்டிய அளவுக்கு மேலாகவே உண்டு. கொழும்பிலே வரைந்தவை உண்டு. கடல்கடந்த தலைநகரங்களிலே பேரம் பேசப்பட்டவை உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று: தீவகத்து மக்கள் தாமே அளந்து, தாமே ஆராய்ந்து, தாமே வரைந்த திட்டம். தன் ஊரைத் தானே அளக்கக் கல்லாத சமூகத்தின் ஊரைப் பிறர் அளப்பர். பிறர் அளந்தால் அளவுகோலும் அவர்களுடையது, நோக்கமும் அவர்களுடையது, எஞ்சுவதே நம்முடையது.

இக்கல்வி யாது?

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். மாடிமேல் மாடி எழுப்புவதற்கு இக்கல்வி அன்று. ஒரு நிலப்பரப்பிலே மக்கள் எங்கே குடியிருப்பது, எங்கே பயிரிடுவது, எவ்வழியாற் சென்று எவ்வழியால் மீள்வது, எந்நீரைக் குடிப்பது, கழிவை எங்கே விடுவது, எந்த மரத்தை வெட்டாது விடுவது, இத்தனைக்கும் வேண்டிய பணம் எங்கிருந்து வருவது, முடிவு செய்யும் உரிமை எவருக்கு உரியது என்பனவற்றை ஒருங்கே ஆராய்வதே இக்கல்வி. இலங்கையிலே இதற்கு வழங்கும் பெயர் நகர, நாட்டுத் திட்டமிடல் என்பதாகும். நகரத்துக்கு அடுத்து நிற்கும் "நாடு" என்ற சொல்லுக்குள் வயலும் வாய்க்காலும் தீவும் திடலும் அடங்கும். ஆகவே, நகரம் இல்லாத இடத்துக்கு இது எதற்கு என்பவர் பெயரின் பாதியை மட்டுமே வாசித்தவர்.

உலகிலே இதற்கென ஒரு பல்கலைக்கழகத் துறை முதன்முதல் எழுந்தது 1909 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்திலே. அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே இக்கல்வியின் காற்று நம் பக்கம் வீசிற்று. பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1914 இல் சென்னை மாகாணத்துக்கு அழைக்கப்பட்டார். அவர் அனுப்பிய நகரக் கண்காட்சிப் படங்களைச் சுமந்து வந்த கப்பலை, தமிழர் வாயில் இன்றும் பெயர் நின்று நிலவும் அதே எம்டன் கப்பல் கடலில் ஆழ்த்தியது. மனிதர் தளரவில்லை. புதிதாகப் படங்கள் திரட்டி 1915 இல் சென்னையிலே மக்கள் காண வைத்தார். தமிழகத்து நகரங்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். 1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியலுக்கும் குடிமையியலுக்கும் ஒரு துறை கண்டு, அதன் பேராசிரியராக அவரை அமர்த்தியது. 1921 இல் அவர் கொழும்புக்கும் வந்து அந்நகருக்கு ஓர் அறிக்கை எழுதினார்.

உயிரியல் கற்ற அம்மனிதர் ஓயாது வற்புறுத்திய விதி ஒன்றே. முதலில் ஊரை ஆராய்க. பின்னர்த் திட்டம் வரைக. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்தல் கூடாது என்பதே அதன் பொருள். வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கை ஊருக்கும் பொருத்திக் காட்டியதுபோன்ற விதி இது.

இலங்கையிலோ 1915 இல் வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1946 இல் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் வந்தது. 1948 இல் பற்றிக் அபர்குரொம்பி என்னும் பேரறிஞர் கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் வரைந்தார். 1978 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே இக்கல்விக்கெனத் தனித் துறை நிலைபெற்றது. சட்டம் நூறாண்டைக் கடந்துவிட்டது. கல்வி பல தலைமுறை கண்டுவிட்டது. இத்தனை நாளும் அறிவின் ஒளி முதலிலே விழுந்த இடம் தலைநகரமாகவும், நிழல் நீண்ட இடம் ஊர்காவற்றுறைக்கு அப்பாலாகவுமே இருந்து வந்திருக்கின்றது.

இக்கல்வி அந்நியச் சரக்கு என்று எவரும் சொல்ல வேண்டாம். மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் வகுத்து, இடையிலே நாளங்காடி அமைத்த புகாரைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. திங்களின் பெயர்களால் வீதிகள் கோயிலைச் சூழ, மதுரை அடுக்கடுக்காக விரிந்து கிடக்கின்றது. சட்டநாதர், வெயிலுகந்த பிள்ளையார், கைலாசநாதர், வீரமாகாளி எனக் காவற் கோயில்கள் சூழ நல்லூரிலே இராசதானி அமைந்திருந்தது. மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நம் நயினாதீவே என்று கொள்ளும் அறிஞரும் உளர். ஊரை வகுத்து அமைத்தல் தமிழனுக்குப் புதிய கலையன்று. அதனை மறந்ததே அவனுக்குப் புதியது.

இரண்டு டெல்ஃப்ட்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய பெயர் டெல்ஃப்ட். தம் நாட்டு நகரங்களின் பெயர்களை நம் தீவுகள்மீது அவர்கள் முத்திரை குத்துவதுபோலக் குத்திச் சென்றனர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று; புங்குடுதீவு மிடெல்பேர்க் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று; அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று; நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அப்பெயர்களுட் பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. டெல்ஃப்ட் என்னும் பெயர் மட்டும் அரசாங்க ஏடுகளிலே இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

ஒல்லாந்திலுள்ள டெல்ஃப்ட் நகரத்தின் கதை என்ன? 1842 இல் அங்கே குடிசார் பொறியியலுக்கு ஒரு கழகம் தொடங்கிற்று. இன்று அது உலகம் அறிந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். நீரியலும் நகரமைப்பும் கற்க உலகத்தின் பல நாடுகளிலிருந்தும் மாணவர் அங்கே செல்கின்றனர். காரணம் யாது? ஒல்லாந்தின் நிலத்திலே காற்பங்களவு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றது. கடல் எந்நேரமும் கதவைத் தட்டுகின்றது. ஆகவே அந்த மக்கள் தம் கல்வியைத் தம் ஆபத்திலிருந்தே தொடங்கினர். நீரைக் காக்கும் சபைகளை 13 ஆம் நூற்றாண்டிலிருந்தே ஊருக்கு ஊர் அமைத்தனர். அச்சபைகளுக்கு இன்றும் அங்கே தேர்தல் நடக்கின்றது.

1953 ஆம் ஆண்டு சனவரி முடிந்து பெப்ரவரி பிறந்த இரவிலே வடகடல் பொங்கி அந்நாட்டிலே 1,800 பேருக்கு மேல் மாண்டனர். பெருந்துயருக்கு உள்ளானது சீலாந்து என்னும் தீவுப் பகுதி. அதன் தலைநகர் மிடெல்பேர்க். அதாவது, நம் புங்குடுதீவுக்கு வைக்கப்பட்ட அதே பெயர். அழிவின் பின் விரைவிலேயே அவர்கள் ஆராயத் தொடங்கினர். 1958 இல் சட்டம் இயற்றினர். அணைகளும் மதகுகளும் எழுந்தன. தனித்துக் கிடந்த தீவுகள் ஒன்றோடொன்று பிணைந்தன.

இனி, நம் கடலைப் பாருங்கள். நெடுந்தீவுக்குத் தென்மேற்கே, இராமேசுவரத் தீவின் முனையிலே தனுஷ்கோடி என்றொரு பட்டினம் இருந்தது. தொடர்வண்டியும் கப்பலும் சந்தித்த பட்டினம் அது. 1964 ஆம் ஆண்டு டிசம்பரிலே வீசிய புயல் அதனைத் துடைத்தெறிந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது, பட்டினம் பாழாயிற்று. ஒல்லாந்திலே புயல் ஒரு திட்டத்துக்குத் தொடக்கமாயிற்று. இங்கே புயல் ஒரு பட்டினத்துக்கு முடிவாயிற்று. இந்த வேறுபாட்டை விதியின்மேற் சுமத்துவது எளிது. செல்வம் அவர்களுக்கு மிகுதி என்பதும் மெய்தான். ஆயினும், ஆபத்தைக் கல்வியாக்கிய துணிவுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மேடென்று சொல்லத்தக்க மேடு ஒன்றும் இல்லாத நெடுந்தீவைச் சூழ்ந்து, உலகெங்கும் உயர்வதுபோலவே கடல் உயர்ந்து வருகின்றது. இதை அளந்து சொல்லவல்ல எத்தனை பேரைத் தீவகம் இதுவரை பயிற்றுவித்திருக்கின்றது என்று நாம் கேட்கின்றோம்.

பிறர் வரைந்த கோடுகள்

நெடுந்தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். 2015 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அத்தீவில் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! குதிரைகளைக் காத்தலை நாம் எதிர்க்கவில்லை. பறவையும் பவளக்கல்லும் பெருக்குமரமும் அழியாதிருக்க வேண்டும் என்பதிலே எமக்கு எவருக்கும் பின்னிற்கும் எண்ணமில்லை. எமது கேள்வி வேறு. அந்தக் கோடு வரையப்பட்ட மேசையின் அருகே, நெடுந்தீவிலே பிறந்து, நிலப்பயன்பாட்டை முறையாகக் கற்ற ஒருவர் இருந்திருந்தால் என்னென்ன வினவியிருப்பார்? மாடுகள் மேயும் வெளி எது? மாரி நீர் தங்கும் பள்ளம் எது? ஓலையும் விறகும் எடுக்கச் செல்வோரின் ஒழுங்கை எது? இத்தகைய வினாக்கள் வரைபடத்துக்கு முன்பு எழுந்தால் அவை திட்டமாகும். வர்த்தமானி வந்த பின்பு எழுந்தால் அவை வெறும் முறைப்பாடாகும்.

மின்சாரத்தின் கதையைப் பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின் வழங்கும் திட்டத்தை 2021 ஆம் ஆண்டு சனவரியிலே கொழும்பு அமைச்சரவை ஒரு சீன நிறுவனத்திடம் ஒப்படைக்க இசைந்தது. தன் வாசலுக்கு முன்னே சீனம் வந்து அமர்வதா என்று இந்தியா சினந்தது. ஆண்டு முடிவிலே சீனம் பின்வாங்கிற்று. 2022 மார்ச்சிலே இந்தியாவோடு உடன்படிக்கை எழுதப்பட்டது. 2024 மார்ச்சிலே இந்திய நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. பீக்கிங்கும் புதுடில்லியும் கொழும்பும் நம் தீவுகளின்மீது சதுரங்கம் ஆடின. விளக்கு எரிய வேண்டிய வீட்டுக்காரரை அந்த ஆட்டத்திலே கருத்துக் கேட்டவர் யார்? எத்தனை வீடுகளுக்கு மின் வேண்டும், மீனைப் பதப்படுத்த எவ்வளவு, நீரைச் சுத்திகரிக்க எவ்வளவு என்று தீவகமே தயாரித்த கணக்கு ஒன்று மேசைமேல் இருந்திருந்தால், வந்தவர் எவராயினும் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அடுத்து, தண்ணீர். நம் தீவுகளின் அடியிலே கிடக்கும் நன்னீர், உப்பு நீரின் மேலே மிதக்கும் ஒரு வில்லையைப் போன்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை அது நிற்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடியும் கரைந்துபோகும். இந்த விதியைக் கண்டவருள் ஒருவர் ஒல்லாந்தர் என்பதும் நினைக்கத்தக்கது. ஆகவே, தீவிலே எங்கே கிணறு தோண்டலாம், எத்தனை இயந்திரம் வைத்து இறைக்கலாம், மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்திலே இருக்க வேண்டும் என்பவை தனி மனிதர் விருப்பத்துக்கு விடத்தக்க கேள்விகள் அல்ல. வேலணையிலே சாட்டி மணலின் நன்னீரை நம்பி வாழ்வோர் பலர். அந்த மணலை ஒருவன் அள்ளிச் சென்றால் பல ஊர்களின் குவளை வற்றும். இதனைத் தடுப்பதற்குக் காவற்காரன் மட்டும் போதாது. இன்ன இடத்து மணல் இன்ன காரணத்தால் தொடத்தகாதது என்று வரைபடத்தோடு நிறுவவல்ல அறிவு வேண்டும்.

போக்குவரத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே தாம்போதி கிடக்கின்றது. அதற்காக உழைத்த வாணர் சகோதரர்களின் பெயரை மக்கள் இன்றும் அதனோடு சேர்த்தே சொல்வர். எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காத காலத்திலே, தம் ஊரின் தேவையைத் தாமே கண்டு, தாமே வாதாடிய பெருமக்கள் அவர்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கண்ணெதிரே தெரியும் கரைக்குப் பாதை என்னும் மிதவையிலே ஏறிக் கடந்த தலைமுறைகள் எத்தனை! குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். அந்தக் கடல்வழியிலேதான் 1985 மே 15 ஆம் நாள் குமுதினிப் படகிலே நம் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். நெடுந்தீவாருக்குப் படகு உல்லாசப் பொருள் அன்று. அதுவே அவர்களுடைய தெரு. 2017 இல் நெடுந்தாரகை வந்தபோது மகிழ்ந்தோம். ஆனால் ஒரு படகு கிடைத்தால் ஒரு பிரச்சினை தீரும். கடலையும் தரையையும் ஒரே வழியாகக் கருதி, படகின் நேரத்தையும் பேருந்தின் நேரத்தையும் மருத்துவமனையின் தேவையையும் பாடசாலையின் மணியையும் ஒன்றாகக் கோக்கும் திட்டம் கிடைத்தால்தான் வாழ்வு சீராகும். கோக்கும் கை நம்மிடம் இல்லாவிட்டால் மணிகள் சிதறியே கிடக்கும்.

நம்மவரைப் பார்த்துச் சில சொற்கள்

கொழும்பைக் குறைகூறுவது எளிது. அதற்குக் காரணமும் நிறைய உண்டு. ஆயினும் நம்மவரை நோக்கியும் நாம் பேசாது விட்டால் இத்தாளுக்கு வேலையில்லை.

தமிழர் அரசியலின் உயிர்நாடி அதிகாரக் கோரிக்கை. சமஷ்டி கேட்டோம், மாவட்ட சபை பார்த்தோம், 1987 இன் 13 ஆம் திருத்தம் பார்த்தோம், 2013 இல் வடமாகாண சபையைப் பெருவாக்கிலே தேர்ந்தோம். 2018 அக்டோபரிலே அச்சபையின் காலம் முடிந்து, அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சிலே காலாவதியாகி, 2025 மே மாதம்வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றிக் கிடந்தன. இவை அநீதிகளே. ஆயினும் ஒன்று கேட்போம். காணி அதிகாரம் முழுவதும் நாளைக் காலை நம் கைக்கு வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர்ப் பிரதேச சபைகளின் மேசைகளிலே அதைப் பயன்படுத்தும் திட்டம் ஆயத்தமாக இருக்கின்றதா? அதிகாரம் கேட்கும் கை அளவுகோல் பிடிக்கவும் பழகியிருத்தல் வேண்டும். இல்லையேல் வந்த அதிகாரத்தையும் கொழும்பிலே பயின்ற நிபுணரிடம் கொடுத்து, "ஐயா, தாங்களே பார்த்து வரைந்து தாருங்கள்" என்று கைகட்டி நிற்க நேரும்.

1970களின் தரப்படுத்தலை நம் மக்கள் மறந்திலர். பல்கலைக்கழக வாசல் தம் முகத்திலே சாத்தப்பட்டதைக் கண்டு இளைஞர் கொதித்தெழுந்தனர். அன்று நம்மவர் இழப்பெனக் கருதியவை மருத்துவ இடங்களும் பொறியியல் இடங்களுமேயாம். அது நியாயமே. ஆயினும் மருத்துவன் நோயாளியைக் காண்பான். பொறியியலாளன் பாலத்தைக் காண்பான். கணக்காளன் வரவு செலவைக் காண்பான். ஊரை ஊராகக் காண்பவன் யார்? அவனை உருவாக்கும் கல்வியை நாம் ஒரு கல்வியாகவே எண்ணவில்லை. பல்கலைக்கழக அனுமதியிலும் மாவட்டமே அளவுகோல். மாவட்டத்துக்குள்ளே கிடக்கும் கடல் கணக்கிலே வருவதில்லை. படகு வராத நாளிலே ஆசிரியர் வராத நெடுந்தீவு மாணவி, யாழ்ப்பாண நகரத்து மாணவியோடு ஒரே தட்டிலே நிறுக்கப்படுகின்றாள். இதைக் கண்டு சொல்வதற்கும் தீவகத்தைத் தனிப் பிரதேசமாக ஆராயும் கல்வி வேண்டும்.

புலம்பெயர்ந்த நம் உறவுகளிடமும் ஒரு சொல். 1990 இலும் 1991 இலும் போர் தீவகத்தை வெறுமையாக்கிற்று. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் நம் ஊர்களின் பெயரால் சங்கங்கள் எழுந்தன. கோபுரம் உயர்ந்தது, மண்டபம் எழுந்தது, பாடசாலைக்கு மதில் கிடைத்தது. கொடுத்த கைகள் வாழ்க! ஆயினும், அயலிலே கூரையிழந்த வீடுகளும் உரிமை தெளியாத வளவுகளும் பற்றைக்காடாகக் கிடக்க, அவற்றினிடையே ஒரு புது மண்டபம் எழுவது ஊரைக் கட்டியெழுப்புவதாகுமா? எந்த வீட்டுக்கு உரியவர் மீள்வார், எவ்வளவைக் கூட்டாகப் பயன்படுத்தலாம், எந்தக் கிணறு இன்னும் இனிக்கின்றது என்று ஒரு கணக்கெடுப்பு நடந்திருந்தால், அதே பணம் இரண்டு மடங்கு பயன் தந்திருக்கும்.

தடை சொல்வோர்க்கு விடை

"படித்தால் உத்தியோகம் உண்டா?" என்பர். நகர அபிவிருத்தி அதிகார சபையிலும், தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களத்திலும், மாகாண, உள்ளூர் நிருவாகத்திலும் திட்டமிடலாளருக்கு வேலை உண்டு. அந்த நாற்காலிகளில் தமிழ் மக்களோடு தமிழிலே பேசி, தமிழ் நிலத்தை அறிந்து அமரத்தக்கவர் மிகுதல் வேண்டும். உத்தியோகத்துக்காகவே படிப்பவருக்கும் இது இழப்பான கல்வியன்று.

"நெடுந்தீவிலே நாலாயிரம் பேரளவிலேயே வாழ்கின்றனர், அவர்களுக்காக ஒரு துறையா?" என்பர். மக்கள் குறைந்ததற்குக் காரணமே திட்டமின்மையும் போரும் அன்றோ? நோயாளி மெலிந்துவிட்டான், இனி மருத்துவன் எதற்கு என்பதைப் போன்றது இவ்வாதம். அன்றியும், தீவை ஆளக் கற்றவன் எதையும் ஆளக் கற்றவன். எல்லை தெளிவாகத் தெரியும். நீர் அளவோடு கிடைக்கும். ஒரு தவறு செய்தால் அதன் பயன் அடுத்த மாரிக்குள்ளே கண்முன் தோன்றும். இதைவிட நல்ல பாடசாலை இக்கல்விக்கு எங்கே கிடைக்கும்?

"தமிழிலே இதனைக் கற்பிக்க முடியுமா?" என்பர். மொறட்டுவையிலே ஆங்கிலத்திலே கற்று வருவோரை நாம் வரவேற்கின்றோம். மேலும் பலர் அங்கே செல்ல வேண்டும். ஆங்கிலம் உலகத்து அறிவுக்கு வாசல். அதை அடைக்கச் சொல்பவர் நாம் அல்லர். ஆயினும் திட்டத்தின் முதற்படி மக்களைக் கேட்டல். மக்கள் பேசுவது தமிழ். களங்கட்டி, கடவை, துரவு, தரவை, ஒழுங்கை, வளவு எனத் தம் நிலத்தை நுணுக்கமாகப் பெயரிட்டு அறிந்த மக்கள் அவர்கள். அந்தச் சொற்களை அறியாத வரைபடம், எத்துணை அழகிய வர்ணம் தீட்டப்பட்டிருப்பினும், ஊமைப்படமே.

செய்ய வேண்டியவை

குறைகூறி நிறுத்துதல் எம் வழக்கமன்று. ஆகவே எம் கோரிக்கைகளை வைக்கின்றோம்.

முதலாவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே புவியியல் உண்டு, பொருளியல் உண்டு, சமூகவியல் உண்டு, அதன் கிளிநொச்சிப் பொறியியற் பீடத்திலே குடிசார் பொறியியல் உண்டு. நான்கு வாசலாலும் நான்கு வகை மாணவர் சென்று வருகின்றனர். இந்நான்கையும் ஒரு கூரையின்கீழ்க் கூட்டி, நகர, நாட்டுத் திட்டமிடலுக்கு முழுமையான ஒரு துறையை நிறுவுக. தீவும் கரையோரமும் அதன் சிறப்புப் பாடமாகட்டும்.

இரண்டாவது, அத்துறையின் கள நிலையம் ஊர்காவற்றுறையிலே அமைக. பாழடைந்து கிடக்கும் பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தினால் அதுவே முதற் பாடமாகும். ஆண்டுதோறும் மாணவர் ஒரு தீவிலே தங்கி, வீடு வீடாகச் சென்று, கிணறு கிணறாக அளந்து, தீவகம் முழுவதற்குமான ஆராய்ச்சிப் பதிவைப் படிப்படியாக ஆக்கட்டும்.

மூன்றாவது, நான்கு பிரதேச சபைகளும் தத்தம் செலவிலோ கூட்டாகவோ திட்டமிடலாளர் ஒருவரையேனும் அமர்த்துக. எந்தத் திட்டமும் தமிழிலே அச்சாகி, இறங்குதுறையிலும் சந்தையிலும் கோயில் வாசலிலும் மக்கள் காண ஒட்டப்பட்டு, அவர்கள் குறை சொன்ன பின்னரே சபையிலே ஏறவேண்டும்.

நான்காவது, புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு மாணவருக்கேனும் இக்கல்விக்கெனப் புலமைப்பரிசில் ஈக. மொறட்டுவைக்கு ஒருவர், சென்னையின் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஒருவர், ஒல்லாந்தின் டெல்ஃப்டுக்கு ஒருவர் எனச் செல்லட்டும். நெடுந்தீவின் பிள்ளை ஒன்று, தன் தீவுக்குப் பெயர் தந்த நகரத்திலே நீரியல் கற்று மீளும் நாளே நாம் காண விரும்பும் நாள்.

இவற்றுள் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் வேலையன்று. கட்டடமும் ஆசிரியரும் மாணவரும் பணமும் சிதறிக் கிடக்கின்றன. கூட்டுவார் இல்லை என்பதே குறை.

தீவகத்து மாணவர்களே! உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு விண்ணப்பப் படிவத்தின் முன்னே நீங்கள் அமரும்போது, பெற்றோரும் உற்றோரும் உங்களைச் சூழ்ந்து நின்று பழகிய பெயர்களையே உரைப்பர். அந்தப் பட்டியலிலே நகர, நாட்டுத் திட்டமிடல் என்றொரு பெயரும் இருக்கும். அதைக் கண்டு சிரிக்காதீர்கள். உங்கள் வளவைப் பூங்காவுக்குள் அடைக்கும் கோடும், உங்கள் கிணற்றை உவராக்கும் குழியும், உங்கள் தாயை நள்ளிரவிலே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் படகும், அக்கல்வியைக் கற்றவர் மேசையிலேதான் முடிவாகின்றன. அம்மேசையின் ஒரு பக்கத்திலே அமர்ந்து வரைவதா, மறுபக்கத்திலே நின்று மனுக் கொடுப்பதா என்பதை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். தந்தையர் மனுக் கொடுத்துக் களைத்துவிட்டனர். இனி மக்கள் வரையட்டும்.